தீயணைக்கும் தொண்டு: ஒரு வரலாற்றுப் பார்வை

 

மதீனாவில் ஓர் இரவு, ஒரு வீடு உள்ளிருந்தவர்களோடு சேர்ந்து எரிந்து போனது. செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதனை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். இதனை ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். நம் வீட்டு நெருப்பை அணைப்பது நம் கடமை. அண்டை வீடு பற்றி எரியும்போது அது யாருடைய கடமை? இதற்கு வரலாறு கூறும் விடையைச் சற்றுப் பார்ப்போம்.

நம் பகுதிக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2023 ஜூலை 29 அன்று காலை கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் உயிரிழந்தனர். பக்கத்துக் கட்டடங்களும் இடிந்து விழுந்தன. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி மாநில எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளியில், பட்டாசுக் கடையொன்றில் சரக்கு இறக்கும் வேளையில் தீப்பற்றியது. அன்றே 14 உயிர்கள் பறிபோயின. காயமுற்றோரிலும் சிலர் பின்னர் இறந்தனர். மாண்டவர்களில் பலர் தீபாவளிக் கால வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்ற இளைஞர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பற்றிய தீ, இந்தப் பக்கத்து வீடுகளில் இழவு விழச் செய்தது.

தீயை எதிர்த்து மக்கள் திரண்ட வரலாற்றுக்கு இஸ்தான்புல் நகரம் சிறந்த சான்று. மர வீடுகள் நெருங்கிய அந்நகரில் ஒரு வீட்டில் பற்றிய தீ பல மஹல்லாக்களை விழுங்கிவிடும். இஸ்லாத்தைத் தழுவிய பிரெஞ்சுக்காரரான தாவூத் என்பவர் கைவிசையால் இயங்கும் தண்ணீர்க் குழாய்ப் பொறியை அமைத்துத் தந்தார். 1720-இல் உதுமானிய அரசு அவர் தலைமையில் தீயணைப்புப் படையை நிறுவி, ஜானிசரி இராணுவத்தோடு இணைத்தது. 1826-இல் ஜானிசரி படை கலைக்கப்பட்டதும் நகரம் காப்பாரின்றி நின்றது. அப்போது மஹல்லாக்களின் இளைஞர்களே தோள் கொடுத்தனர். கோபுரத்திலிருந்து தீ அறிவிப்பு வந்தவுடன் பொறியைத் தோளில் சுமந்து, தெருத்தெருவாய் ஓடினர்.

அவர்களிடம் குறைகளும் இருந்தன. யார் முதலில் சென்று சேர்வது என்ற போட்டியில் குழுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. 1870-இல் பேரா பகுதி பெருந்தீக்கு இரையானபின், ஹங்கேரியப் பிரபு செசெனி வரவழைக்கப்பட்டு, 1874-இல் முறையான பயிற்சியுடைய படையை உருவாக்கினார். ஆர்வம் மட்டும் போதாது, பயிற்சியும் ஒழுங்கும் தேவை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் அயலாரைச் சேர்த்துத் தொண்டர் தீயணைப்புக் குழு அமைத்தார். இன்றும் ஜெர்மனியிலும் சிலி நாட்டிலும் தீயணைப்போரில் மிகப் பெரும்பாலோர் தொண்டர்களே.

நம் நாட்டில் இத்துறையின் தியாகத்துக்கு அடையாளம் 1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற ‘போர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் தீப்பற்றியது. அணைக்கப் போராடிக்கொண்டிருந்த வேளையில் அது வெடித்துச் சிதற, 66 தீயணைப்பு வீரர்கள் உயிர்நீத்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அந்த நிலை என்றால், வெடிமருந்துக் கிடங்கு எரியும் இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூடும் நம் இளைஞர்களின் நிலை என்ன?

ஆகவே தொண்டர் கற்க வேண்டிய முதற்பாடம், எதனை நெருங்கக் கூடாது என்பதாகும். பட்டாசோ ரசாயனமோ எரிந்தால் அணைக்க முயலாமல், மக்களைத் தொலைவுக்கு அப்புறப்படுத்துவதே தொண்டு. 101 அல்லது 112 எண்ணில் அழைத்து, இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகக் கூறுவது தொண்டு. தெருவை அடைத்து நிற்கும் வாகனங்களை அகற்றி, தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்டுவது தொண்டு. முதியோரும் நோயாளிகளும் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதை வரும் வீரர்களுக்குச் சொல்வதும் தொண்டு. அந்த விவரம் மஹல்லாவாசிகளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

சிறு தீயைக் கையாளவும் அறிவு வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ சீறிப் பரவும். வாணலியை மூடி, அடுப்பை நிறுத்த வேண்டும். மின்சாரத் தீயெனில் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் உருள வேண்டும்.

இவற்றை நம்மில் பலர் ஏற்கெனவே அறிவர். சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் நம் சகோதரர்களுள் தீயணைப்புக் கருவியின் ஊசியை உருவி, தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பீய்ச்சப் பழகியவர்கள் உண்டு. ஆலை வாயிலைக் கடந்ததும் அந்த அறிவு உறங்கிவிடுகிறது. ஆலைக்குக் காவலாக நிற்கும் கரம், தெருவுக்கும் காவலாக நிற்க வேண்டாமா?

மார்க்கச் சட்டத்தில் ‘பர்ளு கிஃபாயா’ என்றொன்று உண்டு. ஜனாஸாத் தொழுகையைப் போல, சிலர் நிறைவேற்றினால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவோம். ஆபத்தில் சிக்கிய உயிரைக் காப்பதும் அத்தகையதே. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்பது திருமறையின் போதனை. அந்த உயிர் எந்தச் சமயத்தைச் சார்ந்தது, எந்த மொழி பேசுவது என்று தீயும் கேட்பதில்லை, நாமும் கேட்கலாகாது.

எனவே நம் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தெருவுக்கு இருவர் வீதம் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, தீயணைப்பு நிலையத்தாரை அழைத்துச் செயல்விளக்கப் பயிற்சி அளிக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிமைத் தற்காப்புப் பிரிவு, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ தொண்டர் திட்டம் ஆகியவற்றில் சேரும் வாய்ப்பை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம். ஆலையில் பயின்ற சகோதரர்கள் முன்வந்து மற்றவர்க்குக் கற்பிக்கலாம். பயிற்சிக்கு நம் பள்ளிவாசல் வளாகமே போதும். அண்டை அயலாரான பிற சமயத்தாரையும் அழைப்போம்.

தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் அண்டை வீட்டாரின் கையில் இருக்கின்றன. அந்த நிமிடங்களை வீணாக்காத மக்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.