பிறேக் தூசியின் வரலாறு

"பழைய ஜீப்புக்கு என்ன பிறேக் பாட் போடலாம்?" எண்டு கேட்டால் கடையில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் விலைதான். ஒறிஜினல் இவ்வளவு, மற்றது இவ்வளவு. ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் இறந்துபோன ஒரு தொழிலாளிப் பெண்ணும் எங்கட தேயிலையும் கூட வருகின்றன.

1888 ஓகஸ்ற் மாதம் பெர்தா பென்ஸ் கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு ஜேர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரோட்டினார். 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். இறக்கங்களில் மரப் பிறேக் கட்டை தேயத் தொடங்க, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிப்பித்துக்கொண்டார். பிறேக் லைனிங்கின் வரலாறு அந்தத் தோலில்தான் தொடங்குகிறது என்பார்கள்.

இங்கிலாந்தின் டார்பிஷயரிலும் குதிரை வண்டிக்காரர்கள் பிறேக் கட்டையில் பழைய சப்பாத்தை வைத்து இறக்கம் இறங்கினார்கள். அதைக் கவனித்த ஹேர்பேட் ஃபுறூட் 1897 இல் பரிசோதனைகளைத் தொடங்கினார். 'ஃபெரோடோ' அவர் உருவாக்கிய பெயர்தான். ஆரம்பத்தில் பருத்தி. அது சூட்டில் கருகியது. 1908 இல் அஸ்பெஸ்ரஸ் வந்தது. எரியாது, மலிவு, நல்ல பிடி. வேறென்ன வேணும்?

விலையைக் கட்டியது வேறு ஆக்கள். றொச்டேல் நகரில் அஸ்பெஸ்ரஸ் நூல் நூற்ற நெல்லி கேர்ஷோ 1924 இல், 33 வயதில், நுரையீரல் கெட்டு இறந்தார். நிறுவனம் நட்டஈடு தர மறுத்தது. அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வைத்தியர் வில்லியம் குக் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1931 இல் பிரித்தானியா தொழிற்சாலைத் தூசிக்குச் சட்டம் போட்டது. முழுத் தடை வந்ததோ 1999 இல். இடையில் 68 வருசம். அந்தக் காலம் முழுக்க உலகமெங்கும் கராஜ்களில் பிறேக் தூசியை ஊதித் துப்பரவாக்கியவர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

எங்கட நாட்டுக் கதை தேயிலையோடு வருகிறது. 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்ரஸைக் கட்டுப்படுத்த இலங்கை தீர்மானித்திருந்தது. கூரைத்தகடுதான் முக்கிய பிரச்சினை. அஸ்பெஸ்ரஸ் தோண்டி விற்கும் பெரிய நாடு றஷ்யா. 2017 டிசம்பரில், ஒரு பொதியில் வண்டு இருந்தது எண்டு சொல்லி எங்கட தேயிலையை றஷ்யா நிறுத்தியது. சில நாட்களில் இலங்கை அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவைத்தது. தேயிலையும் திரும்பப் போனது. நாங்கள் என்ன தூசியைச் சுவாசிக்கிறோம் என்பதைச் சந்தையும் தீர்மானிக்கிறது.

இப்ப அந்தப் பெட்டிக்கு வருவோம். அஸ்பெஸ்ரஸ் போன இடத்துக்கு மூன்று வகைகள் வந்தன. 'ஓர்கானிக்' மெதுவானது, சத்தம் குறைவு, ஆனால் சூடேறினால் பிடி தளரும். 'செமி மெற்றாலிக்' சூட்டைத் தாங்கும். பாரமான பழைய ஜீப்பில் கடுகண்ணாவை, அப்புத்தளைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு அதுதான் பொருந்தும். ஆனால் டிஸ்க்கைக் கூடத் தேய்க்கும், கொஞ்சம் கத்தும். 'செராமிக்' அமைதியானது, தூசி குறைவு, விலை கூட. ரவுன் ஓட்டத்துக்கு நல்லது.

வாங்கும்போது பெட்டியில் ஐரோப்பிய 'ஆர் 90' அங்கீகாரம் இருக்கிறதா எண்டு பாருங்கள். மாற்றுப் பாட்டின் பிடி, வாகனத்தோடு வந்ததன் பிடிக்குக் கிட்ட இருக்கவேணும் என்பதே அந்த விதி. ஒரே மொடலுக்கும் வருசத்துக்கு வருசம் பாட் மாறும். அதனால் சேஸ் நம்பரைக் கொடுத்தே கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றவேண்டாம், அச்சின் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றவேணும். டிஸ்க்கின் தடிப்பையும் அளக்கச் சொல்லுங்கள்.

அஸ்பெஸ்ரஸை எல்லா நாடும் தடைசெய்யவில்லை. பெயரும் அடையாளமும் இல்லாத மலிவுப் பாட்டில் என்ன கலந்திருக்கிறது எண்டு கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. கழற்றும்போது காற்றடித்துத் தூசி பறக்கவிடாமல், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிற பெடியனுக்கு உங்கட வயதுதான் இருக்கும்.