ஒன்றே முக்கால் ஏக்கர்: கால்பந்துத் திறமையும் நில வரலாறும்



நினைவுச் சொற்பொழிவில் கால்பந்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். நாம் இன்று நினைவுகூரும் தோழர் பந்து ஆடியவர் அல்லர். 'அ' பதிவேட்டின் நகலுக்காகத் தாலுகா அலுவலகப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியவர். அவரோடு நடந்து பழகிய எங்களுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் வரும் கேள்வி, இது யாருடைய நிலம் என்பதுதான். அந்தக் கேள்வியைத்தான் இன்று மைதானத்துக்குள் எடுத்துச் செல்கிறோம்.

வடசென்னையின் வியாசர்பாடியை 'மினி பிரேசில்' என்கிறார்கள். சென்னையின் எஃப்.சி.க்கும் இந்திய அணிக்கும் ஆடிய தனபால் கணேஷ் அங்கே வளர்ந்தவர். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் தூத்தூரைச் சுற்றி அடுத்தடுத்து அமைந்த மீனவ ஊர்களிலிருந்து அணி அணியாக ஆட்டக்காரர்கள் கிளம்புகிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரைக்காரர். வியாசர்பாடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது எங்கள் உத்திரமேரூர். இங்குள்ள சேரிகளில் ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய கால்பந்து அணிக்குப் போனவர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நாம் தடுமாறுகிறோம். ஏன்?

இரண்டு விடைகளை எல்லோரும் தயாராக வைத்திருக்கிறார்கள். முதலாவது, ரத்தம். "அவங்க உடம்புவாகே அப்படி" என்பார்கள். பாராட்டுப் போலத் தோன்றும், பாராட்டு அல்ல. ஒரு சமூகத்துக்கு மூளையையும் இன்னொரு சமூகத்துக்கு உடலையும் பங்கிட்டுக் கொடுத்த பழைய ஏற்பாட்டின் மறுபதிப்பு அது. இரண்டாவது, வறுமை. பசிதான் வீரனை உருவாக்குகிறது என்று சினிமாவும் பத்திரிகையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வறுமை வீரர்களை உருவாக்குமானால் எங்கள் பக்கத்துச் சேரி ஒவ்வொன்றும் ஓர் அணியைத் தந்திருக்க வேண்டும். ஏழைகள் அதிகம் ஆடுவது உண்மைதான். ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். ஆனால் அந்த ஒரு பந்தை எங்கே வைத்து உதைப்பது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். முழு அளவுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதாவது 7,140 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். வாலிபால் களத்தைப் போல நாற்பத்து நான்கு மடங்கு. எங்கள் பக்கத்துக் காலனிகளில் மாலையானால் வாலிபால் நெட் கட்டுவது ஏன் என்று இப்போது புரியும். கோயிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில் அதைத்தான் ஆட முடியும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பந்து உதைத்தது ஏரி உள்வாயில். கோடையில் தண்ணீர் வற்றினால் மூன்று மாதம் மைதானம். மழை வந்தால் மைதானம் முழுகிவிடும். வயலில் பந்து விழுந்தால் எடுக்கப் போகிறவன் வசவு வாங்கிக்கொண்டு வர வேண்டும். சில நாள் பந்தை அரிவாளால் கிழித்துத் திருப்பி எறிந்தார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆட்டத்துக்கு எதிரணி வேண்டும். ஊர்த் தெருப் பையன்கள் எங்களோடு ஆட மாட்டார்கள். ஆடி நாங்கள் ஜெயித்துவிட்டால் மறுநாள் அது விளையாட்டாக இருக்காது. ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோடு அணிகளையும் பிரித்துவிட்டது. ஒரே வயதுப் பிள்ளைகள் இருபது பேர் சேருவதே அரிதான சிற்றூரில், அந்த இருபதையும் சாதி இரண்டாக வெட்டியது.

இந்த நிலைமை நேற்று வந்ததல்ல. உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் பெருமையோடு குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் அதில் உண்டு. வாரியத்துக்கு வரத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. இன்றைய கணக்கில் ஒரு வேலி ஆறரை ஏக்கர் சொச்சம். கால் வேலி என்பது கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதானம். அந்த அளவு நிலம் உள்ளவர்தான் ஏரியைப் பற்றி முடிவெடுக்கலாம். ஏரியில் மண் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். நம் மக்கள் குடியிருந்த மனைக்கே மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள் என்பதையும், எதிர்த்துப் பேசியவர்கள் குடிசையை இழக்க நேர்ந்ததையும் அந்த அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலம் பிறகு எப்படிக் கைமாறியது என்பது நமக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸையும் ஏழுமலையையும் பறிகொடுத்தோம். காலை நீட்டிப் படுக்கவே நிலம் மறுக்கப்பட்ட சமூகத்திடம் போய், ஏன் உங்கள் பிள்ளைகள் பந்தை உதைக்கவில்லை என்று கேட்பது எப்படிப்பட்ட கேள்வி!

இப்போது அதே மக்கள் வேறு மண்ணுக்குப் போனபோது என்ன நடந்தது என்று பார்ப்போம். 1809இல் பெங்களூர் கண்டோன்மென்ட் உருவானது. வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து நம் மக்கள் சிப்பாய்களாக, சமையல்காரர்களாக, குதிரைக்காரர்களாகப் போனார்கள். அல்சூர் ஏரிக்கருகில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. அங்கே அணிவகுப்புத் திடல்கள் இருந்தன. திடல் மிராசுதாருடையது அல்ல. படைப்பிரிவுகள் தங்களுக்குள் போட்டிகள் நடத்தின. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் ஆடக் கற்றார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பிரான்ஸுக்கு எதிராக, இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். பெங்களூர் ஆட்டக்காரர்களை நம்பி நின்ற மைசூர் அணி 1946-47 முதல் 1968-69 வரை நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. இன்றும் அல்சூரின் கௌதமபுரத்தில், தமிழ்க் குடியிருப்பின் நடுவே, அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பெலேவுக்கும் சிலை இருக்கிறது. ரத்தம் மாறவில்லை, வறுமையும் தீரவில்லை. மாறியது நிலத்தின் உரிமை.

வியாசர்பாடியின் கதையும் இதுதான். பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள், பின்னி ஆலை, துறைமுகம், 1955இல் ஐ.சி.எஃப். உழைக்க வந்தவர்கள் நெருக்கி அடித்துக்கொண்டு குடியேறினார்கள். நெருக்கடி துன்பம்தான். ஆனால் ஒரே தெருவில் இரண்டு அணிக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். பக்கத்துத் தெருவில் எதிரணி கிடைத்தது. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை போன்ற அணிகள் ஆடின. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும் என்பதைப் பையன் கண்ணால் பார்த்தான். அப்படிப் பார்த்ததால்தான் அவனுடைய அம்மா, "பந்து சோறு போடுமா?" என்று கேட்பதை நிறுத்தினாள். பிறகு அங்குள்ள ஆட்டக்காரர்களே பந்தையும் மாலைப் பாடத்தையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆக, மூன்று வேண்டும்: திடல், தொடர்ந்து நடக்கும் போட்டி, ஆட்டத்தின் முடிவில் ஒரு வேலை. உலகத்தில் எங்கே பார்த்தாலும் இந்த மூன்றுதான். எம்பாப்பே வளர்ந்த பாரிஸ் புறநகர் போந்தி, குடியேறிகள் வாழும் ஏழைப் பகுதி. ஆனால் அங்கே நகராட்சித் திடலும் உள்ளூர்க் கழகமும் உண்டு. மிசோரமின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 11 லட்சம். 2012இல் அவர்கள் சொந்தமாக ஒரு லீக் தொடங்கினார்கள். 2017இல் ஐஸ்வால் எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. மலப்புரத்தில் அறுவடை முடிந்த வயலில் கோல் கம்பம் நட்டுச் செவன்ஸ் ஆடினார்கள். வயல் எங்களிடமும் உண்டு. அறுவடையும் நாங்கள்தான் செய்கிறோம். அறுத்து முடித்த வயலில் கோல் கம்பம் நடும் உரிமைதான் எங்களிடம் இல்லை.

பாரம்பரியம் இல்லாத ஊரில் இது முடியுமா என்று மாணவர்கள் கேட்கலாம். கடலூரைப் பாருங்கள். இந்திய அணியின் இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். கால்பந்து அவரைக் காவல்துறைப் பணிவரை கொண்டுபோனது. 2018இலும் 2023இலும் தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றார்கள். ஒரு பயிற்சியாளரும் ஒரு திடலும் தங்க ஒரு விடுதியும் கிடைத்தால் ஒரே தலைமுறையில் ஓர் ஊரின் பெயர் மாறுகிறது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். ஏரி உள்வாய் எங்களுக்காவது கிடைத்தது. எங்கள் தங்கைகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இன்று எங்கள் பிள்ளைகள் அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிறார்கள். பழைய ஆலைகள் ஆட்டக்காரனை வேலைக்கு எடுத்தன. இந்த ஆலைகள் ஒப்பந்தத்தில் எடுக்கின்றன. ஷிப்ட் முடிந்து திரும்புகிற பையனுக்குத் தூக்கம்தான் மிச்சம். மேய்ச்சல் புறம்போக்கும் சுருங்கிவிட்டது. மூன்றில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

அதனால் நம் கோரிக்கைகளை எளிமையாகச் சொல்கிறோம். மீட்கப்படும் பஞ்சமி நிலத்தில் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் போக, ஊருக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் பிள்ளைகளுக்கு வேண்டும். அரசுப் பள்ளி மைதானங்களின் பூட்டு விடுமுறை நாளில் திறக்க வேண்டும், எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும். ஊராட்சிகளுக்கிடையே ஆண்டுதோறும் லீக் நடக்க வேண்டும், ஊரும் சேரியும் ஒரே அணியில் ஆட வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். கால் வேலி இல்லாதவர்களும் கை தூக்கக்கூடிய சபை இப்போது இருக்கிறது. அந்தச் சம உரிமை கல்வெட்டு தந்ததல்ல, அம்பேத்கர் எழுதிய சட்டம் தந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். எந்தச் சர்வே எண் பஞ்சமி, இன்று அதில் யார் பயிர் செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் தோழர் அந்த வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பட்டியலை வாசிப்போம்.

ஜெய் பீம்.