தமிழ்நாட்டில் இளஞ்சிறார் நீதியும் வயது வரம்பும்

இளஞ்சிறார் நீதி என்பது, குற்றம் சாட்டப்பட்ட 18 வயது நிறையாதவர்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்திலிருந்தும் சிறையிலிருந்தும் விலக்கி, தனியே விசாரித்து மறுவாழ்வு அளிக்கும் முறையாகும். எந்த வயது வரை ஒருவர் சிறுவர், அந்த வயதை எதைக் கொண்டு அறிவது என்னும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே இதன் வரலாறு அமைந்துள்ளது.

தொடக்கக் காலம்

1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், சிறு குற்றம் செய்த 10 முதல் 18 வயது வரையான பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பாமல் தொழில் பழக விட வழி செய்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப்படி 7 வயதுக்கு உட்பட்டவரின் செயல் குற்றமாகக் கருதப்படவில்லை. 7 முதல் 12 வயது வரையானவருக்கு, செய்ததன் விளைவை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. 1897ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் 15 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளுக்குப் பொருந்தியது. செங்கல்பட்டில் 1887ஆம் ஆண்டிலேயே சீர்திருத்தப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டிருந்தது.

1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டமே இந்திய மாகாணங்களில் இவ்வகையில் இயற்றப்பட்ட முதல் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் இதைப் பின்பற்றின.

மாறிய வரம்பு

நாடு முழுமைக்குமான 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என வரம்பு வைத்தது. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றதன் தொடர்ச்சியாக, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்று ஆக்கியது. 2012 டிசம்பர் டெல்லி வழக்குக்குப் பின் எழுந்த விவாதத்தின் விளைவாக வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம், 16 முதல் 18 வயதினர் மிகக் கொடிய குற்றத்தில் சம்பந்தப்பட்டிருந்தால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்ற இடமளிக்கிறது. அப்போதும் மரண தண்டனை விதிக்க முடியாது.

இன்றைய நடைமுறை

சரவணம்பட்டியில் 17 வயதுப் பையன் ஒருவன் வண்டி திருடியதாகப் பிடிபட்டான் என்று கொள்வோம். அவனைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் கோவை மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் கொண்ட அமைப்பு அது. பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். பிணை வழங்குவதே பொது விதி. அறிவுரை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு முதல், அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லத்தில் வைப்பது வரை குழுமம் ஆணையிடலாம். அவனுடைய பெயரையோ பள்ளியையோ வெளியிடுவது குற்றம்.

வயதை நிறுவுதல்

இவை அனைத்தும் குற்றம் நடந்த நாளில் அவனுக்கு 18 நிறையவில்லை என்பதைப் பொறுத்தவை. சட்டத்தின் 94ஆம் பிரிவு, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றை அல்லது பத்தாம் வகுப்புச் சான்றை முதலில் வைக்கிறது. அது இல்லாவிட்டால் உள்ளாட்சி வழங்கும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், பாதிக்கப்பட்டவரின் வயதை இதே பிரிவின்படி ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் மட்டும் போதாது என்று 2023இல் தீர்ப்பளித்தது.

ஐந்து வயது நிறைந்ததாகக் காட்டி ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகச் சில மாதங்களைக் கூட்டி எழுதும் வழக்கம் முன்பு கொங்குக் கிராமங்களிலும் இருந்தது. அப்படி எழுதப்பட்ட பிள்ளை, 18 நிறையாமலே பெரியவர்களின் சிறைக்குப் போக நேரலாம். சிறுவர் என்னும் கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பின்னரும் எழுப்பச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் அதை மெய்ப்பிக்கப் பள்ளிப் பதிவேட்டையே முதலில் புரட்டுவார்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பப்படும் முன்பே பிறப்புச் சான்றோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது பெற்றோர், ஆசிரியர் இருவருக்கும் உரிய கடமை.