பொறி மாறினாலும் நிரல் வாழ்ந்த கதை



எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு கேள்வி கேட்டான். "சார், எங்க அப்பாவோட கைப்பேசி ஒரு கம்பெனி, மாமாவோடது வேற கம்பெனி. உள்ளே இருக்கிற சில்லும் வேறன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படி ரெண்டிலேயும் அதே ஆண்ட்ராய்டு ஓடுது?"

கேள்வி சிறியது. விடையோ ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு. ஒரு பொறிக்கென்று எழுதப்பட்டதை முற்றிலும் வேறான பொறியில் ஓட வைக்கச் சிலர் பட்ட பாட்டின் வரலாறு அது. அதனைத்தான் இன்று நாம் காணப்போகிறோம்.

முதலில் ஓர் அடிப்படையை விளங்கிக்கொள்வோம். கணிப்பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. எந்த எண்ணுக்கு எந்த வேலை என்பதைப் பொறியைச் செய்தவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஆகவே ஒரு வகைப் பொறியின் எண்மொழி இன்னொரு வகைப் பொறிக்குப் புரியாது.

நம் பெரியவர்களுக்குப் பெரட்டுக் களம் நினைவிருக்கும். துரை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார். கிராணி அதைப் புத்தகத்தில் பதிந்து வேலையைப் பிரிப்பார். விடியுமுன் பெரட்டில் நிற்கும் ஆட்களிடம், "நீ இந்த நிரைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போ" என்று அவர்கள் மொழியில் சொல்பவர் கங்காணி. தமிழர் வேலை செய்யும் தோட்டத்தில் தமிழ் தெரிந்த கங்காணி. மலாய்க்காரர் வேலை செய்யும் தோட்டத்தில் மலாய் பேசும் மண்டோர். துரையின் கட்டளை ஒன்றே. கடைசியில் நின்று சொல்பவர்தான் மாறுகிறார்.

கணிப்பொறியிலும் அப்படி ஒருவர் உண்டு. மனிதன் தனக்கு விளங்கும் மொழியில் கட்டளைகளை வரிசையாக எழுதுகிறான். அந்த வரிசைக்கு நிரல் என்று பெயர். அதைப் பொறியின் எண்மொழிக்கு மாற்றித் தருவதும் ஒரு நிரல்தான். அதற்குக் கம்பைலர் என்று பெயர். அதுவே கணிப்பொறியின் கங்காணி.

இன்னொன்றும் உண்டு. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவிடம், யாருக்கு முதலில் முறை, எந்தத் தாள் எந்த அலமாரியில் என்று எல்லாவற்றையும் நிருவகிக்கும் தோட்ட அலுவலகம் போன்ற ஒரு நிரல். அதனை இயக்க நிரல் என்போம். ஆண்ட்ராய்டு அத்தகையது.

தொடக்க காலத்தில் இந்த வசதிகள் இல்லை. பொறியின் எண்மொழியிலோ, அதற்கு நெருங்கிய குறியீட்டு மொழியிலோதான் எழுதினார்கள். பொறி பழசாகி ஒதுக்கப்பட்டால், ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியதும் அதனுடனே மடிந்துபோனது. இதை மாற்ற முயன்றவர்களில் முன்னோடி அமெரிக்கப் பெண்மணி கிரேஸ் ஹாப்பர். 1952இல் யுனிவாக் பொறிக்காக ஏ-0 என்னும் நிரலை அவர் உருவாக்கினார். 1960 டிசம்பரில் கோபால் மொழியில் எழுதிய ஒரே நிரல், சிறு மாற்றங்களோடு, ஆர்.சி.ஏ. 501, யுனிவாக் 2 என்னும் இரு வேறு நிறுவனத்தாரின் பொறிகளில் ஓடிக் காட்டியது. சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு போன்ற நிரல்களுக்கு இவ்வாறு வழி பிறந்தது.

ஆனால் இயக்க நிரலின் நிலை வேறு. அது பொறியோடு ஒட்டி உறவாடுவது. அதைப் பொறியின் சொந்த மொழியில்தான் எழுத வேண்டும் என்பதே அன்று பெரும்பாலோரின் கருத்து.

இனி நம் கதை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்துக்குச் செல்கிறது. ஆண்டு 1969. கென் தாம்சன் என்பவர் அங்கே அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறு பொறியைக் கண்டார். அதற்கு ஓர் இயக்க நிரல் எழுத விரும்பினார். ஆனால் அந்தப் பொறியில் அதை எழுதுவதற்கு வேண்டிய கருவிகள் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வேறொரு பெரிய பொறியில் எழுதி, எண்மொழிக்கு மாற்றி, காகித நாடாவில் துளைகளாகப் பதித்து, அந்த நாடாவைக் கொண்டுவந்து சிறிய பொறியில் ஊட்டினார். தன் சொந்தக் காலில் நிற்கும்வரை அது இப்படித்தான் வளர்ந்தது. யுனிக்ஸ் என்னும் இயக்க நிரல் பிறந்த விதம் இது.

1970இல் பி.டி.பி.-11 என்னும் புதிய பொறி கிடைத்தது. பொறி வந்துவிட்டது, தகவலைச் சேமிக்கும் வட்டு மட்டும் டிசம்பரில்தான் வந்தது. அதுவரை அந்தப் பொறி, ஆறுக்கு எட்டுக் கட்டமுள்ள சதுரங்கப் பலகையில் குதிரை எத்தனை வழிகளில் சுற்றி வரலாம் என்று எண்ணிக்கொண்டிருந்ததாம்! பின்னர் வந்த முழு அமைப்பின் நினைவிடம் 24 ஆயிரம் பைட் அளவே. அதாவது 24 ஆயிரம் எழுத்துகள் கொள்ளும் இடம். நாம் இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதில் அடங்காது.

பழைய பொறியிலிருந்து புதிய பொறிக்கு வந்தபோது யுனிக்ஸைப் புதிய பொறியின் மொழியில் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. பொறி மாறும்போதெல்லாம் இப்படியே செய்துகொண்டிருக்க முடியுமா? தாம்சனின் தோழர் டென்னிஸ் ரிச்சி, பி என்னும் பழைய மொழியைத் திருத்தி வளர்த்து, சி என்னும் மொழியை உருவாக்கினார். 1973இல் யுனிக்ஸின் மையப் பகுதி சி மொழியிலேயே திரும்ப எழுதப்பட்டது. தாம்சன் பின்னர் தந்த கணக்கின்படி, மையப் பகுதியில் சி மொழியில் ஏறத்தாழ 10,000 வரிகள். பொறியின் சொந்த மொழியில் ஏறத்தாழ 1,000 வரிகள். அந்த ஆயிரத்திலும் 800 வரிகள்தாம் வேறு வழியே இல்லாமல் பொறியின் மொழியில் நின்றவை.

அப்படியானால் வேறொரு பொறிக்குச் செல்வது எளிதுதானே? கடைசிக் கங்காணியை மாற்றினால் போதுமே? காகிதத்தில் சொன்னால் அப்படித்தான். 1977இல் இதைச் செய்து பார்க்க இரு குழுவினர் தனித்தனியே இறங்கினர்.

ஒரு குழு பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சியும் ஸ்டீபன் ஜான்சனும். மற்றொரு குழு ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், நிலக்கரிச் சுரங்கத்தாலும் எஃகு ஆலையாலும் பெயர்பெற்ற வொலன்காங் என்னும் தொழிலாளர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில். அங்கே பேராசிரியர் யூரிஸ் ரைன்ஃபெல்ட்ஸின் ஆதரவில் ரிச்சர்ட் மில்லர் இந்த வேலையைச் செய்தார். இரு குழுவினரும் இண்டர்டேட்டா என்னும் நிறுவனத்தின் பொறிகளையே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 8/32, ஆஸ்திரேலியாவில் 7/32.

பெல் குழுவினர் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. அவர்கள் முன்பே சி மொழி நிரல்களை வேறு பொறிகளுக்கு மாற்றிப் பார்த்திருந்தார்கள். பொறிகளின் வேற்றுமையைவிட அவற்றின் இயக்க நிரல்களின் வேற்றுமையே பெரிய தொல்லையாக இருந்தது. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே மாற்றித் தவிப்பதைவிட, இயக்க நிரலையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டால் என்ன என்று எண்ணினார்கள். ஒவ்வொருவராகக் குடிபெயர்வதற்குப் பதில் குடும்பத்தோடு குடிபெயர்வது போல!

வேலை எப்படி நடந்தது? முதலில் கம்பைலர். பழைய பொறியில் ஓடிக்கொண்டே புதிய பொறியின் எண்மொழியை எழுதித் தரும்படி அதனை மாற்றினார்கள். ஜான்சன் எழுதிய கம்பைலரில், எந்தப் பொறிக்கும் பொதுவான பகுதி ஒருபுறம், குறிப்பிட்ட பொறியைச் சார்ந்த பகுதி மறுபுறம் எனப் பிரிந்திருந்தது. புதிய பொறி வந்தால் அந்த இரண்டாம் பகுதியை எழுதினால் போதும். மில்லரோ இன்னொரு படியும் வைத்தார். யுனிக்ஸை முதலில் இண்டர்டேட்டாவின் சொந்த இயக்க நிரலின்மீதே விருந்தாளியாக ஓட்டிப் பார்த்தார். கால் ஊன்றியபின் அதனைத் தனியே பொறியின்மீது நிற்க வைத்தார். முன்பின் அறியாத காட்டில் முதலில் பழகிய வழியைப் பிடித்து நடப்பது போன்ற முன்னெச்சரிக்கை இது.

தொல்லை வேறிடத்தில் ஒளிந்திருந்தது. எழுதியவர்களே அறியாமல் நிரலுக்குள் புகுந்துகொண்ட பழக்கங்கள் பல, புதிய பொறியில் வெளிப்பட்டன.

ஒன்றைச் சொல்கிறோம். நாம் 4-7 என்று எழுதினால் ஜூலை 4ஆம் நாள். அமெரிக்கர் அதனை ஏப்ரல் 7 என்று படிப்பார். எழுதியவர்மீதும் பிழையில்லை, படித்தவர்மீதும் பிழையில்லை. வரிசைதான் வேறு. பி.டி.பி.-11 ஓர் எண்ணைச் சேமிக்கும்போது சிறிய பகுதியை முன்னே வைக்கும். இண்டர்டேட்டா பெரிய பகுதியை முன்னே வைக்கும். இத்தகைய வேறுபாட்டைக் கவனியாமல் தகவலை மாற்றினால், யூ, என், ஐ, எக்ஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி, யுனிக்ஸ் என்பது "நுக்சி" ஆகிவிடும். இந்த வகைக் கோளாறுக்கே நுக்சி என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

மற்றொன்று அளவு. சாதாரண எண்ணுக்குப் பி.டி.பி.-11 ஒதுக்கும் இடம் 16 பிட். இண்டர்டேட்டா 8/32இலும் ஐ.பி.எம். 370இலும் 32 பிட். ஹனிவெல் 6000 என்னும் பொறியிலோ 36 பிட். அங்கே ஓர் எழுத்துக்கே மற்றவை தரும் 8க்குப் பதில் 9 பிட். பத்தடிக்கு ஒரு மரம் என்று இருட்டில் அடிக்கணக்காய் நடந்து பழகியவன், இருபதடிக்கு ஒரு மரமுள்ள நிரையில் நடந்தால் என்னாகும்? மரம் என்று நினைத்துக் கை வைக்கும் இடத்தில் வெறுங்காற்றுதான் இருக்கும். எண் எப்போதும் இரண்டு பைட் என்று நம்பி எழுதிய நிரல்களும் அவ்வாறே தடுமாறின.

இவை பழைய பொறியில் இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை. அங்கே எல்லாம் சரியாகவே ஓடின. ஆகவே இத்தகைய பழக்கங்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே ஜான்சன் ஒரு நிரல் எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். அதையே தம் நிரலுக்கும் வைத்தார். சி மொழியும் இந்த அனுபவத்தால் செம்மைப்பட்டது. 1978இல் ரிச்சியும் பிரையன் கெர்னிகனும் வெளியிட்ட சி மொழி நூலில், நாம் மேலே கூறிய நான்கு பொறிகளின் அளவுகளையும் அட்டவணையாகவே தந்தார்கள். மொழி ஒரு பொறிக்கு உரியதன்று என்பது அதன் பொருள்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யுனிக்ஸின் அமைப்பைப் பின்பற்றித் தாமே லினக்ஸ் என்னும் இயக்க நிரலின் மையத்தை எழுதத் தொடங்கினார். அது 386 என்னும் சில்லு உள்ள பொறியில் மட்டுமே ஓடும், வேறு பொறிக்கு மாற்ற இயலாதது என்று அவரே அறிவித்தார். ஆனால் அதன் பெரும்பகுதி சி மொழியில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது வேறு சில்லுகளுக்குப் பெயர்ந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது அந்த லினக்ஸ்தான். அப்பாவின் கைப்பேசிக்கும் மாமாவின் கைப்பேசிக்கும் பொதுப்பகுதி ஒன்றே. அந்தந்தச் சில்லுக்கும் கருவிக்கும் ஏற்ற பகுதி மட்டும் வேறு.

நேயர்களே, இந்த வரலாறு தோட்டத்தில் வாழ்ந்த நமக்குப் புதியதா? நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பட்டையில் காயம் படாமல் உளி பிடித்த கைகள், உயரத்தில் தொங்கும் குலையை வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. உளியின் சாய்வு பால்மரத்தோடு போயிற்று. மேகத்தைப் பார்த்து மழையைக் கணிப்பதும், கணக்கில் ஏமாறாமல் இருப்பதும், பக்கத்து நிரையில் இருப்பவரோடு ஒத்துழைப்பதும் கூடவே வந்தன. எது மரத்துக்கு உரியது, எது தமக்கு உரியது என்று பிரித்தறிந்தவர்கள் விரைவில் நிமிர்ந்தார்கள். தம் வேலை முழுவதும் மரத்தோடு போய்விட்டது என்று எண்ணியவர்கள் மிகவும் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை நாங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கணிப்பொறி கற்கிறான் என்றால், எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்பதோடு நிற்க விடாதீர்கள். அந்தப் பொத்தான் அடுத்த பொறியில் இருக்காது. "இது ஏன் இப்படி நடக்கிறது?" என்று அவனைக் கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியவில்லை என்றாலும் கேளுங்கள். விடை தேடிப் பள்ளிக்கு வரட்டும், நாங்கள் இருக்கிறோம். அப்படித் தேடிக் கற்றது, பொறி எத்தனை முறை மாறினாலும் அவனோடு வரும்.