தொண்டு நிறுவன ஊழியரும் தேர்தல் களமும்: சட்டம் தடுப்பது எதை?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பணிபுரியும் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஒவ்வொரு தேர்தலின்போதும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: கட்சிக் கூட்டத்துக்குப் போனால் வேலை போய்விடுமா? பணி ஆணையில், ‘ஊழியர் எவ்வித அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபடலாகாது’ என்றொரு வரி இருக்கும். விளக்கம் கேட்டால், ‘எப்.சி.ஆர்.ஏ. பதிவு ரத்தாகிவிடும்’ என்று நிர்வாகம் சொல்லும். கேட்பவர்களில் பலர் சேரியிலிருந்து படித்து வந்த முதல் தலைமுறையினர். ஊரில் வாக்குரிமை பற்றித் துணிந்து பேசக்கூடியவர்களும் அவர்களே. அவர்களின் வாயைத்தான் அந்த ஒற்றை வரி அடைக்கிறது.

இந்த அச்சத்தின் பாதி, அரசு ஊழியருக்கான விதிகளைத் தமக்கும் பொருந்துவதாகக் கருதுவதால் வருவது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 அரசு ஊழியரைக் கட்சி அரசியலிலிருந்து விலக்கி வைக்கின்றன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 134ஏ பிரிவு, வேட்பாளரின் முகவராகச் செயல்படும் அரசு ஊழியருக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது. இவ்விரண்டும் தனியார் அறக்கட்டளையின் ஊழியரைக் கட்டுப்படுத்தா. அவர் கட்சியில் சேரலாம், வாக்குச் சேகரிக்கலாம், தேர்தலில் நிற்கலாம். பணி நேரத்தில் இவற்றைச் செய்யக் கூடாதென்று நிறுவனம் நிபந்தனை விதிக்க முடியும். அதை மீறினால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயமே தவிர, குற்றமாகாது. இதில் கவனிக்க வேண்டிய விதிவிலக்கு ஒன்றுண்டு. அரசிடம் மதிப்பூதியம் பெறுவோரையும், அரசு உதவி பெறும் நிறுவனங்களில் பகுதிநேரமாகப் பணியாற்றுவோரையும் வாக்குச்சாவடி முகவராக நியமிக்கக் கூடாதெனத் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியுள்ளது. நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசுத் திட்டமொன்றில் மதிப்பூதியமும் பெறுவோர் இங்கே அதிகம். அவர்கள் முகவர் படிவத்தில் கையெழுத்திடும் முன் யோசிக்க வேண்டும்.

எப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010க்கு வருவோம். வேட்பாளர், சட்டமன்ற உறுப்பினர், அரசியல் கட்சி, அரசியல் தன்மை கொண்டதென அறிவிக்கப்பட்ட அமைப்பு ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. ‘அரசியல் தன்மை’ எது என்பதில்தான் சிக்கல். 2011இல் வகுக்கப்பட்ட விதிகள் பந்த், சாலை மறியல், ரயில் மறியல் ஆகியவற்றையும் அதில் சேர்த்தன. குடிநீருக்காகச் சேரி மக்களோடு சாலையில் அமர்ந்த நிறுவனமும் அரசியல் அமைப்பாகிவிடும் நிலை அது. இதை எதிர்த்து ‘இன்சாஃப்’ என்ற இந்தியச் சமூகச் செயல் மன்றம் தொடுத்த வழக்கில், 2020 மார்ச் 6 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. அரசியல் நோக்கமின்றி மக்கள் பிரச்சினைக்காக முறையான எதிர்ப்பு வழிகளைக் கையாளும் அமைப்பைத் தண்டிக்க முடியாது, நேரடி அரசியலிலோ கட்சி அரசியலிலோ பங்கெடுக்கும் அமைப்புகளுக்கே அவ்விதி பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு நவம்பரில் விதிகளும் அதற்கேற்பத் திருத்தப்பட்டன. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய பணி ஆணை வாசகத்தை இன்றும் நகலெடுத்துக் கொடுக்கும் நிர்வாகங்கள் இத்தீர்ப்பை ஒருமுறை படிப்பது நல்லது.

ஊழியரே வேட்பாளராகும்போது நிலைமை மாறுகிறது. இச்சட்டத்தில் ‘சட்டமன்றம்’ என்ற சொல் நகராட்சியையும் ஊராட்சியையும் உள்ளடக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. கட்சிச் சின்னமே இல்லாத கிராம ஊராட்சி வார்டுக்கு நின்றாலும், முறைப்படி வேட்புமனு ஏற்கப்பட்டவர் ‘வேட்பாளர்’ ஆகிறார். வென்றால் ‘உறுப்பினர்’ என்ற வகையிலும் தடை தொடரும். சம்பளத்துக்கு 4ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆயினும் அதன் வாசகம் வெளிநாட்டு மூலத்திலிருந்து வரும் சம்பளத்தைப் பற்றியது. உள்நாட்டு நிறுவனம் வெளிநாட்டு நிதியிலிருந்து தரும் சம்பளத்துக்கு அது எந்த அளவு துணை நிற்கும் என்று வாதிட்டுப் பார்க்கும் இடத்தில் ஏழை ஊழியரை நிறுத்த நாங்கள் விரும்பவில்லை. மனு தாக்கலுக்கு முன்பே எழுத்துப்பூர்வமாக ஊதியமில்லா விடுப்பு எடுங்கள், வென்றால் உள்நாட்டு நிதியில் இயங்கும் பணிக்கு மாறுங்கள் என்றே அறிவுரை சொல்கிறோம்.

இத்தொழில் வட்டாரத்தில் ஆலைகளின் சி.எஸ்.ஆர். நிதியும் தொண்டுப் பணிகளுக்கு வருகிறது. அரசியல் கட்சிக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ போகும் பணம் சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் கொள்ளப்படாது என்று விதி உள்ளது. நிறுவனத்தின் ஜீப், ஜெராக்ஸ் இயந்திரம், அலுவலக அறை எதுவும் வேட்பாளருக்குப் போகக் கூடாது. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அவருக்காகச் செலவிடுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதத்துக்குரியது. துண்டறிக்கை அடித்தால் அச்சகத்தார், வெளியிடுவோர் பெயர் முகவரி கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்லையில் வாழ்வதால் சில கூடுதல் தொல்லைகள் உண்டு. 2024இல் கிருஷ்ணகிரி ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. ஜுஜுவாடிக்கு அப்பால் அத்திப்பள்ளி அடங்கிய பெங்களூரு ஊரகத் தொகுதி ஏப்ரல் 26 அன்று வாக்களித்தது. அத்திப்பள்ளியில் வீடும் ஓசூரில் வேலையுமாக இருக்கும் ஊழியருக்கு 26ஆம் தேதி ஊதியத்துடன் விடுமுறை தர வேண்டும் என்பதே 135பி பிரிவின் பொருள். அப்பிரிவு ஆலைகளுக்கு மட்டுமின்றித் தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில், தொகுதியின் வாக்காளர் அல்லாத பரப்புரையாளர் அங்கே தங்கக் கூடாது. மகளிர் குழுத் தவணைப் பணத்தோடு சோதனைச்சாவடியைக் கடப்பவர், 50,000 ரூபாய்க்கு மேலிருந்தால் ரசீதும் குழுத் தீர்மான நகலும் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் பறக்கும் படை பறிமுதல் செய்துவிடும்.

எந்தக் கட்டுப்பாடும் தொடாத பணி ஒன்று உண்டு; அதுவே நம் மக்களுக்கு மிகவும் தேவையானது. மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் அமர முடியவில்லை. 2006இல்தான் முறையான தேர்தல் நடந்தது. பட்டியல் சாதியினரை வாக்களிக்க விடாமல் தடுப்பது, குறிப்பிட்டவருக்கு வாக்களிக்க மிரட்டுவது, வேட்புமனுவைத் திரும்பப் பெறச் செய்வது, முன்மொழிபவரை அச்சுறுத்துவது ஆகியவை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் 3(1)(எல்) பிரிவில் குற்றங்கள். வாக்களித்ததற்காகப் பின்னர் அடிப்பதும் ஊர்விலக்கம் செய்வதும் 3(1)(என்) பிரிவில் வரும். இவற்றைப் பதிவுசெய்து புகார் எழுத உதவும் ஊழியர் யாருக்கும் வாக்குக் கேட்கவில்லை. அவரது செயல் கட்சி அரசியலாகாது. நிர்வாகம் தடுத்தால், தடுக்கும் உத்தரவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை எங்களிடம் கொண்டு வாருங்கள்.