கொடியும் குறிப்பேடும்

சேந்தமங்கலத்துக் கடைத்தெருவில் நின்று கிழக்கே நோக்கினால் ஓரி ஆண்ட கொல்லிமலை தெரியும். அம்மலையின் தேனும் பலாவும் வாழையும் நம்மூருக்கு இறங்கி வருவதில் வியப்பில்லை. தள்ளுவண்டியில் குவிந்து கிடக்கும் கருநீலப் பன்னீர்த் திராட்சை வந்த வழி வேறு. கேட்டால், கம்பத்துப் பழம் என்பார் வியாபாரி. கம்பத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வியைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரை.

தமிழ் படித்தோருக்கு இங்கே முதலில் நினைவுக்கு வருவது புறநானூற்றின் 56ஆம் பாடல். யவனர் கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வேண்டும் என நக்கீரர் அதில் வாழ்த்துகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் இரு கைப்பிடிச் சாடிகள் உடைசல்களாக வெளிப்பட்டன. பாடலும் மண்ணும் ஒன்றையொன்று உறுதிசெய்த அரிய தருணம் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யவனர் கொண்டுவந்தது திராட்சை மது, திராட்சைக் கொடியன்று. முசிறியில் இறங்கிய பொருள்களைப் பட்டியலிடும் பெரிப்ளூஸ் நூலும், மது சிறிதளவே வந்தது என்கிறது. அது அரண்மனைப் பண்டம். எளியோருக்குக் கள்ளும், மலைநாட்டாருக்கு மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலும் இருந்தன.

கம்பம் பள்ளத்தாக்கின் கொடிக்குச் சொல்லப்படும் வரலாறு மிகச் சுருக்கமானது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இத்திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் நாளிதழ்கள் இதையே திரும்பச் சொல்லின. அச்செய்திகளில் பாதிரியாரின் பெயர் இல்லை. திருப்பலிக்குத் திராட்சை இரசமே வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதியாதலால், ஒரு பாதிரியார் கொடி நட்டதில் பொருத்தம் உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பன்னீர்த் திராட்சை என நாம் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. தோட்டக்கலைப் பதிவுகளில் அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. இங்கிலாந்தின் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டத்தில் சீவார்ட் ஸ்னோ என்பவர் வளர்த்தெடுத்தது என்பது அப்பதிவுகளின் கூற்று. அப்படியாயின் 1832இல் வந்த கொடியும் இன்று நாம் உண்ணும் பழத்தின் கொடியும் ஒன்றாக இருத்தல் அரிது. முதலில் ஒரு வகை வந்து, பின்னர் மற்றொன்று அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம். இரண்டையும் மக்கள் நினைவு ஒரே கதையாகக் கோத்திருக்கலாம். தீர்த்துச் சொல்ல ஒரு தோட்டக்காரரின் குறிப்பேடு போதும். அது நம் கைக்கு எட்டவில்லை.

குறிப்பேடு என்றதும் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள ரிக்வீர் என்னும் சிற்றூர் நினைவுக்கு வருகிறது. அங்கே ஹுகெல் குடும்பம் 1639 முதல் திராட்சை பயிரிட்டு மது வடிக்கிறது. இன்று பதின்மூன்றாம் தலைமுறை. இவ்விடைவெளியில் அல்சாஸ் 1871இல் ஜெர்மனிக்குப் போயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் மீண்டும் ஜெர்மனி, 1945இல் மீண்டும் பிரான்சு. கொடி இருந்த இடத்திலேயே இருந்தது; கொடி மாறிக்கொண்டிருந்தது அரசு அலுவலகத்தின் கூரையில்தான்.

அவர்களின் தொழில்முறையும் பொறுமையைச் சார்ந்ததே. ரீஸ்லிங் போன்ற வெள்ளைத் திராட்சையைக் கையால் பறித்து, பிழிந்து, சாறு தெளிந்தபின் பெரிய மரப்பீப்பாய்களில் நொதிக்க விடுகின்றனர். சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக மாற்றுகிறது. அவர்களின் நிலவறையில் 1715ஆம் ஆண்டைச் சேர்ந்த பீப்பாய் ஒன்று உண்டு. சில ஆண்டுகளில் பழத்தைப் பல வாரங்கள் கொடியிலேயே விட்டு, சர்க்கரை செறிந்தபின் பறிப்பர். இந்தத் 'தாமத அறுவடை' மதுவுக்கான விதிகள் 1984இல் பிரெஞ்சுச் சட்டமாயின. அவற்றை வகுப்பதில் முன்நின்றவர் அக்குடும்பத்தின் ஜான் ஹுகெல்.

கம்பத்தின் கணக்கு வேறு. அல்சாசில் குளிர்காலத்தில் கொடி உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. முல்லைப் பெரியாற்று நீரும் வெயிலும் உள்ள கம்பத்தில் கொடிக்கு உறக்கமில்லை. பந்தலில் ஏற்றி, முறைவைத்துக் கவாத்து செய்து, ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்படி பார்த்துக்கொள்கின்றனர் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி உழவர்கள். பெரும்பகுதி உண்ணும் பழமாகவே விற்கிறது. இதில் தாழ்வு ஏதுமில்லை. பிரான்சின் வான்தூ மலைப்பகுதியில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கை உண்ணும் பழமாகவே விளைவித்து, 1997இல் அதற்குத் தோற்றப்பெயர்ச் சான்றும் பெற்றனர்.

மது வடிக்காதது குறை என்று நாம் சொல்லவரவில்லை. 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது நம் சேலம் மாவட்டத்தில்தான். சேந்தமங்கலமும் அன்று அதற்குள் அடங்கியிருந்தது. குடியால் சிதைந்த வீடுகளைக் கண்டவர்கள் அம்முடிவின் நியாயத்தை எளிதில் புறந்தள்ள மாட்டார்கள். ஹுகெல் குடும்பத்திடம் நாம் பொறாமை கொள்வது மதுவுக்காக அன்று. யார் நட்டார், எந்த ஆண்டு பனி கொன்றது, எந்த ஆண்டு பழம் இனித்தது என்பதைத் தலைமுறைதோறும் கைமாற்றித் தந்த பழக்கத்துக்காக.

கம்பத்திலும் தாத்தன், மகன், பேரன் என ஒரே பந்தலின்கீழ் கவாத்துக் கத்தி பிடித்த குடும்பங்கள் உண்டு. அவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் ஏறவில்லை. பாடிய நக்கீரர் பெயரும் குடித்த பாண்டியன் பெயரும் நமக்குத் தெரியும். கலத்தைச் சுமந்து வந்தவன் 'யவனன்' மட்டுமே. கொடியைச் சுமந்து வந்தவர் 'பாதிரியார்' மட்டுமே. நீர் பாய்ச்சியவருக்கு அந்தப் பொதுப்பெயரும் இல்லை.

நம் வகுப்புகளில் கம்பம் பக்கத்து மாணவர் யாரேனும் அமர்ந்தால், அடுத்த விடுமுறையில் தாத்தாவிடம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிவரச் சொல்ல வேண்டும். எந்தக் கொடி முதலில் வந்தது, எது பட்டுப்போயிற்று, நாற்றை யாரிடம் வாங்கினார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். 1832 என்ற ஆண்டு அப்போது உறுதிப்படலாம், உடைந்தும் போகலாம். எதுவாயினும், அது பெயருள்ள மனிதர்கள் சொன்ன வரலாறாக இருக்கும்.