விட்டுப்போன ஒரு கம்பி

ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது காருக்கு அடியில 'டொக் டொக்'னு சத்தம் வருதா? பல நேரம் தேய்ந்துபோன ஸ்வே பார் லிங்க்கோ புஷ்ஷோதான் காரணம். வளைவுல கார் ரொம்பச் சாயாம பிடிக்கிற கம்பி அது. கனடாக்காரர் ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

ஆனா 1960 மாடலா அமெரிக்காவில் வந்த செவர்லே கார்வேர்ல, செலவைக் குறைக்க முன்பக்க பாரை விட்டுட்டாங்க. இன்ஜின் பின்னாடி, பின்சக்கரங்களுக்கு ஸ்விங் ஆக்சில். வேகமா திருப்பினா சக்கரம் உள்பக்கமா மடங்கும் அபாயம். விவரம் தெரிஞ்சவங்க வெளியில பார்ட்ஸ் வாங்கி மாட்டிக்கிட்டாங்க. தெரியாதவங்க?

1964 மாடலில்தான் அந்த பார் ஸ்டாண்டர்டா வந்தது. 1965-ல் ரால்ஃப் நேடர் புத்தகம் எழுதி இதை அம்பலப்படுத்தினார். 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. 1972-ல் வந்த அரசு அறிக்கையோ, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட கார்வேர் மோசமில்லைன்னு சொன்னது. அப்போ மற்ற கார்கள் எப்படி இருந்திருக்கும்?